நீர் காட்டும் நிறம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால், கானுக்கு மேல்பக்கமாக ஒரு கிரெவிலியா அடிக்கட்டை கிடக்கிறது. மரத்தை வெட்டி ஐந்தாறு வருடம் இருக்கும். ஒக்டோபர் பிறந்து பின்னேர மழை பிடிக்கத் தொடங்கினால் அந்தக் கட்டையைச் சுற்றிக் காளான் முளைக்கும். ஒன்றிரண்டு இல்லை, ஒரு தட்டில் கவிழ்த்து வைத்த குட்டிக் கிண்ணங்கள் மாதிரி முப்பது நாற்பது.

முதல் வருடம் நான் அதைப் பார்த்து ஏமாந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காலை ஆறரை மணிக்கு, மூடுபனி விலகாத நேரத்தில் போனேன். தொப்பியெல்லாம் தேன் நிறம். ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய கோடுகள். அடியில் இருக்கும் மடிப்புகள்தான் தொப்பியின் தோலை ஊடுருவித் தெரிகின்றன. நோட்டில் எழுதினேன்: "கட்டைக் காளான், பழுப்பு, ஓரக்கோடு உண்டு." பத்து மணிக்கு வெயில் அடித்தது. துணி காயப்போட வெளியே வந்தவள் கண்ணில் பட்டது வேறு காளான். நடுவில் காசு அளவுக்கு வெளிறிய வட்டம், சுற்றிலும் கரும்பழுப்பு வளையம். இரண்டாவது வகை என்று எழுதினேன். ஒரு மணிக்குப் பார்த்தால் பால் விட்ட தேத்தண்ணி நிறம், இன்னும் சில கிட்டத்தட்ட வெள்ளை. கோடு ஒன்றுகூட இல்லை. மூன்றாவது வகை.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. நாலரைக்குக் குடையோடு போய் நின்றேன். முப்பதும் திரும்பத் தேன் நிறம். ஓரக்கோடும் வந்துவிட்டது. மூன்று வகையும் ஒரே வகை என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்தக் குணத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹைக்ரோஃபேனஸ்' என்று பெயர். ஈரம், தோன்றுதல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டியது. நான் அதை நீர் காட்டும் நிறம் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். எப்படி நடக்கிறது என்பதைக் கடைத்தாளை வைத்து விளக்கலாம். ஹல்துமுல்லைச் சந்தியில் வடை வாங்கினால் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் தாள் இருண்டு, மறுபக்கத்து எழுத்து தெரியும். தாளின் நார்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரை வெளிச்சம் அதில் மோதிச் சிதறும், அதனால் தாள் வெளிறித் தெரியும். காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடித்தால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போய்விடும். காளானின் தொப்பியும் நுண்ணிய இழைகளால் பின்னிய ஒன்றுதான். இழைகளுக்கிடையில் தண்ணீர் நிறைந்திருந்தால் இருண்டு, ஊடுருவித் தெரிகிறது. தண்ணீர் ஆவியாகிக் காற்று புகுந்தால் வெளுத்து, மங்கிப்போகிறது. சாயம் எதுவும் மாறுவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் வீட்டிலேயே செய்யலாம். காய்ந்து வெளுத்த ஒரு தொப்பியை எடுத்து, பாதியை மட்டும் தண்ணீர்க் கோப்பையில் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தொட்ட இடத்திலிருந்து பழுப்பு மெதுவாக மேலே ஏறியது, சாக்கு நுனியில் ஈரம் ஏறுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் ஒரே தொப்பி பாதி பழுப்பு, பாதி வெள்ளை. அந்தப் பாதித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, காளானை நிறம் பார்த்துச் சொல்கிறவர்களை எல்லாம் நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் காளான் விளையாட்டு இல்லை. மழைக்காலத்தில் அது கறி. தோட்டத்தில் பேர் போட்டு வேலை முடிந்து வரும் வழியில், தேயிலைக்கு நடுவே புற்று வெடித்துக் காளான் பூத்திருந்தால் அன்றைக்கு வீட்டில் விசேஷம். இந்த மழை எங்களுக்குப் பயமும்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் புதைந்து போனதும் இதே பருவத்தில், இதே ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில்தான். மழை பிடித்தால் மலைச்சரிவைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதே மழையில் காளான் தேடியும் போவோம்.

என் அம்மாயி காளான் எடுப்பதில் கெட்டிக்காரி. அவர் தொட்டது இரண்டே வகை. ஒன்று புத்துக்காளான், மற்றது அரிசிக்காளான் என்று அவர் சொல்லும் பொடிசு. இரண்டும் கறையானோடு உறவுள்ளவை. கறையான் புற்றுக்குள் இலை தழையை மென்று ஒரு மெத்தை கட்டும், அதில் பூஞ்சையை வளர்த்துத் தின்னும். மழை இறங்கியதும் அந்தப் பூஞ்சைதான் மண்ணைக் கிழித்துக்கொண்டு காளானாக வெளியே வரும். 1942இல் ரோஜே ஹைம் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் கூட்டத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். அதற்கும் முன்னாலேயே, 1906இல், பேராதனைத் தாவரவியல் பூங்காவில் வேலை செய்த தோமஸ் பெட்ச், இலங்கைக் கறையான் புற்றுகளின் பூஞ்சைகளைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு எழுதியிருக்கிறார். அந்தப் பெட்ச்தான் பின்னாளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளர். எங்கள் செடியின் வேர் நோய்களைப் படித்தவரும், எங்கள் காளானின் வேரைத் தோண்டிப் பார்த்தவரும் ஒரே மனிதர் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

கறையானும் காளானும் சேர்ந்திருப்பதைத் தமிழ் எப்போதோ பார்த்துவிட்டது. சிறுபாணாற்றுப்படையில் பசித்த வீட்டின் அடுக்களை வரும். கறையான் அரித்த பழஞ்சுவர், அந்தப் புழுதியில் பூத்த ஆம்பி. ஆம்பி என்றால் காளான். அந்தக் காளான் அந்த வீட்டின் வறுமைக்கு அடையாளமாக நிற்கிறது. எங்கள் லயத்தில் அதே காளான் வறுமை தீர்த்த நாளும் உண்டு.

அம்மாயி எடுக்கும் முறை எனக்கு இன்றும் மனப்பாடம். குனிந்து பிடுங்க மாட்டார். மம்பட்டியால் பக்கத்து மண்ணை இளக்கி, விரலால் தண்டைத் தடவிக்கொண்டே கீழே போவார். புத்துக்காளானுக்கு மண்ணுக்குள் நீளமான வேர் மாதிரி ஒன்று இறங்கும், முழங்கை ஆழம்கூடப் போகும், கறையானின் மெத்தை வரை. அது இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். "தொப்பியப் பாக்காதடி, அது ஆளுக்கு ஆள் வேசம் போடும். அடியப் பாரு" என்பார். நான் சின்னப் பிள்ளை, வெள்ளையாய்ப் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஓடுவேன். அவர் என் கையைத் தட்டிவிடுவார்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேர் இருந்தால் போதும் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. புதைந்த மரத்துண்டில் முளைக்கும் வேறு சில காளானுக்கும் நீள வேர் உண்டு. அம்மாயி பார்த்தது வேரை மட்டும் இல்லை. எந்தப் புற்று, எந்த மாதம், எத்தனையாம் நாள் மழை, தொப்பியின் உச்சியில் கூர்முனை இருக்கிறதா, மடிப்பின் நிறம், மணம் எல்லாம் ஒரே பார்வையில் அவருக்குள் ஓடும். நாற்பது வருடம் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவரின் பார்வை அது. நான்கு படத்தைப் பார்த்துப் படித்த எனக்கு அது இல்லை. இதை எழுதுவதும் யாரையும் காளான் எடுக்க அனுப்புவதற்காக இல்லை.

அம்மாயி போன பிறகுதான் எங்கள் லயத்தில் அது நடந்தது. பக்கத்துக் காம்பிராச் சித்தி, பிள்ளைகள் பந்து விளையாடும் புல்வெளியில் பெரிய வெள்ளைக் காளான்களைக் கண்டார். நல்ல குடை மாதிரி, வட்டமாக முளைத்திருந்தன. சமைத்து இரவுச் சோற்றுக்கு வைத்தார். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, நாலு பேருக்கும் வாந்தி, வயிற்றோட்டம். லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் எல்லாரும் நடந்து வீட்டுக்கு வந்தார்கள், கடவுள் காப்பாற்றினார். "வெள்ள வெளேர்னு இருந்திச்சிடி. கெட்டதுன்னா கலரா இருக்கும்னுதானே நெனச்சேன்" என்று சித்தி என்னிடம் அழுதார்.

மறுநாளே புல்வெளிக்குப் போய் மிச்சமிருந்த காளானில் ஒன்றைக் கொண்டுவந்தேன். தண்டை வெட்டிவிட்டு, தொப்பியை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கோப்பையை மூடி வைத்தேன். காலையில் தூக்கிப் பார்த்தால் தாளில் மடிப்பு மடிப்பாக ஒரு பூ வரைந்தாற்போல் தூள். நிறம் மங்கிய பச்சை. குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் எங்கும் முளைக்கும், தின்றவரின் குடலைப் பிழிந்தெடுக்கும். இளசில் மடிப்பு வெள்ளையாக இருக்கும், வித்துத்தூள் முதிர முதிரத்தான் பச்சை ஏறும். சித்தி எடுத்தது அத்தனையும் இளசு.

அந்தப் பச்சைத் தூளைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. காளானின் நிறம் மாற ஒரு காரணம் மட்டும் இல்லை. தண்ணீர் மாற்றும். வயது மாற்றும். சில காளானை நசுக்கினால் நீலமாகவோ சிவப்பாகவோ மாறும். ஆனால் தாளில் விழும் தூளின் நிறம் நேற்றைய மழையைக் கேட்டு நிற்பதில்லை. என் கட்டைக் காளானின் மூன்று வேடத்தையும் தனித்தனித் தாளில் கவிழ்த்துப் பார்த்தேன். தேன் நிறத் தொப்பிக்கும், வளையத் தொப்பிக்கும், வெளிறிய தொப்பிக்கும் ஒரே தூள்: ஊதா கலந்த கரும்பழுப்பு. நன்றாக முற்றிக் காய்ந்தது கொஞ்சமாகத்தான் கொட்டியது, அவ்வளவே வித்தியாசம். தண்டு வெற்றுக்குழல், தொட்டாலே முறியும். இளம் தொப்பியின் விளிம்பில் கிழிந்த ஜவ்வுத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். இதெல்லாம் சாத்திரெல்லா என்ற கூட்டத்தின் அடையாளம். இனம் வரை போக நுண்ணோக்கி வேண்டும்.

இலங்கைக் காளான்களுக்குப் பெயர் வைத்த கதையிலும் இந்த நிறச் சிக்கல் இருக்கிறது. பேராதனைப் பூங்காவைப் பார்த்துக்கொண்ட த்வெயிட்ஸ் இங்கிருந்து காளான்களைக் காய வைத்துக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பாதிரியார் பெர்க்லியும் அவருடைய கூட்டாளி புரூமும் 1870களில் அவற்றுக்குப் பெயரிட்டார்கள். பெர்க்லி இலங்கைக்கு வந்ததே இல்லை. காய்ந்த காளானில் ஈரத்தின் நிறம் எங்கே இருக்கும்? அதனால்தான் பேராதனையிலேயே புதிதாய்ப் பறித்ததை வைத்து வண்ணப்படம் வரைந்து, அதையும் சேர்த்து அனுப்பினார்கள். இங்கே மழையில் நனைந்த தொப்பியைக் கண்ணால் பார்த்து வரைந்த கை இல்லையென்றால் பெயர் வைத்தவர்களுக்குப் பாதி விஷயம் போயே போயிருக்கும். 1986இல் லண்டன் கியூ தோட்டத்து டேவிட் பெக்லர் இலங்கையின் மடிப்புக் காளான்களைத் தொகுத்து ஒரு முழுப் புத்தகமே போட்டார்.

பெர்க்லி, புரூம் என்ற அதே இரண்டு பேர்தான் 1869இல் கோப்பி இலைத்துரு நோயின் பூஞ்சைக்கும் பெயர் வைத்தார்கள். இலங்கையில் அது முதன்முதலில் கண்ணில் பட்ட இடம் எங்கள் பதுளை மாவட்டத்து மடுல்சீமை. இலையின் அடியில் கண்ட ஆரஞ்சுத் தூள் கோப்பித் தோட்டங்களை அழித்து, தேயிலையைக் கொண்டுவந்து, எங்கள் தாத்தன் பூட்டன் வாழ்க்கையையே மாற்றியது. ஒரு பூஞ்சையின் தூளை நேரத்தோடு பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீர் காட்டும் நிறம் ஆளைக் கொல்லும் அளவுக்குப் போகும் இடமும் உண்டு. ஐரோப்பாவில், பட்ட மரத்தில் கொத்துக் கொத்தாக முளைக்கும் ஒரு காளானைச் சூப்புக்கு ஆசையாக எடுப்பார்கள். அதன் லத்தீன் பெயரிலேயே 'மாறுவது' என்று பொருள்படும் மியூட்டாபிலிஸ் ஒட்டியிருக்கிறது. நடுவிலிருந்து காய்ந்து, இரண்டு நிற வட்டமாக நிற்பதுதான் அதன் அழகு. அதே மாதிரி மரத்தில், அதே மாதிரி அளவில், அதே மாதிரி ஈரத்துக்கு நிறம் மாறும் இன்னொன்று இருக்கிறது: கலெரினா மார்ஜினேட்டா. இதில் இருப்பது அமாட்டாக்சின் என்ற நஞ்சு, ஈரலைத் தின்றுவிடும். இரண்டு நிற வட்டத்தை நம்பி எடுத்தவர் செத்துப்போக வாய்ப்பிருக்கிறது. பிரித்துக் காட்டுவது தண்டுதான். நல்லதன் தண்டில் வளையத்துக்குக் கீழே சொரசொரவென்று செதில் இருக்கும். கெட்டதில் வெள்ளிப் பூச்சு மாதிரி இழை ஓடும். இதைப் படித்த இரவு அம்மாயியின் "அடியப் பாரு" காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஐரோப்பாவைப் பார்த்ததில்லை, ஹப்புத்தளையைத் தாண்டிப் போனதே நாலைந்து தரம்தான்.

அமாட்டாக்சினைப் பற்றி இரண்டு விஷயம் எல்லாத் தோட்டத்திலும் சொல்லப்பட வேண்டும். முதலாவது, அவித்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அது போகாது. இரண்டாவது, அது உடனே காட்டாது. சித்தி வீட்டில் இரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தது நல்ல காலம். இந்த நஞ்சு ஆறு மணி நேரத்துக்கு மேல், சில வேளை ஒரு நாள் வரைக்கும் சும்மா இருக்கும். பிறகு வாந்தி, பேதி. பிறகு ஒரு நாள் சுகமானது போல் தெரியும், ஆள் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்பார், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைப்போம். அதற்குள் ஈரல் போய்க்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக் காளான் தின்று ஒரு கிழமைக்குள் 13 பேர் திப்ருகர் அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள். அந்தச் செய்தியை நான் இன்னொரு நாட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை. அதே கூடை, அதே கொழுந்து, அதே மழை, அதே மாலைப் பசி.

எங்கள் பக்கத்துச் சோதனைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். மஞ்சள் தூள் போட்டு அவித்து, நிறம் மாறினால் நஞ்சு என்பார்கள். மஞ்சள் சிவப்பாவது காரத்தன்மை பட்டால்தான். சுண்ணாம்பு பட்டாலும் சிவக்கும். அமாட்டாக்சினை மஞ்சள் கண்டுபிடிக்காது. வெள்ளி மோதிரம் கறுக்கும் என்பதும் அப்படியே, கறுக்க வைப்பது கந்தகம். நத்தை கடித்திருந்தால் நல்லது என்பார்கள். மனிதனைக் கொல்லும் காளானை நத்தை தின்றுவிட்டு நிம்மதியாக ஊர்ந்து போகும். இந்தச் சோதனைகளை நம்பியவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கையில் இருந்ததை வைத்து அவர்கள் பிள்ளைகளைக் காக்கப் பார்த்தார்கள். ஆனால் இனி அவை வேண்டாம்.

இப்போது இன்னொரு ஆபத்து கைபேசியில் வருகிறது. ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டு, "இது நல்லதா?" என்று கேட்கிறார்கள். எனக்கும் வருகிறது. ஈரத்தில் எடுத்த படமா, காய்ந்த பின் எடுத்ததா என்றுகூடத் தெரியாத ஒரு தொப்பி. தண்டின் அடி மண்ணுக்குள். நான் எப்போதும் ஒரே பதில்தான் அனுப்புவேன்: தின்ன வேண்டாம். வெறும் ஆசைக்காகப் பார்க்கிறவர்கள் என்றால் நிறையச் சொல்வேன். ஒரே காளானைக் காலையிலும் மதியத்திலும் படம் எடுங்கள், கடைசியாக மழை எப்போது பெய்தது என்று எழுதுங்கள், முழுதாகத் தோண்டி அடிப்பகுதியைப் படம் எடுங்கள், பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் தூள் எடுங்கள் என்பேன். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்குத்தான் கறுப்புப் பாதி.

யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் காளானைப் பொலித்தீன் பையில் போட்டால் அழுகிவிடும், தாளில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். எத்தனை மணிக்குத் தின்றார் என்பதை டொக்டரிடம் சொல்ல வேண்டும், அந்த நேரம்தான் அவருக்குப் பெரிய தகவல். கொழும்பு தேசிய மருத்துவமனையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, வைத்தியர்கள் அங்கே கேட்பார்கள். கூடத் தின்ற எல்லாரையும் கூட்டிப் போக வேண்டும், சுகமாக இருப்பவரையும்.

இந்த வருடமும் கட்டை பூத்தது. முன்பைவிடக் குறைவு, மரம் உக்கி மண்ணாகிக்கொண்டு வருகிறது. சித்தியின் மகளுக்கு இப்போது பத்து வயது. அந்த இரவு ஆஸ்பத்திரிக்குப் போன நாலு பேரில் அவளும் ஒருத்தி. காளான் என்றாலே தள்ளி நின்றவள், போன சனிக்கிழமை காலை தானாக வந்து என் பக்கத்தில் குந்தினாள். ஒரு காளானுக்குப் பக்கத்தில் ஈர்க்குச்சி குத்தி அடையாளம் வைத்தோம். மணிக்கு ஒரு தரம் வந்து பார்ப்பது அவள் வேலை. தின்னவா அக்கா என்று கேட்கவில்லை, "தொட்டா ஒண்ணும் செய்யாதா?" என்று மட்டும் கேட்டாள். தொடலாம், கையைக் கழுவிக்கொள் என்றேன். ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்கு" என்றாள்.

மதியம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அவள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். பென்சிலில் எழுதியிருந்தது: "7 மணி, கருப்பட்டி கலர். 9 மணி, அப்படியே. 10.30, நடுவுல வெள்ளக் காசு. 12, காசு பெருசாயிருச்சு. மழ வரல."